வலது தோள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டவில்லை, குறைக்கவில்லை, கைச்சரக்கு ஒரு சிட்டிகை கூடச் சேர்க்கவில்லை. பொய்யென்றால் என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளட்டும். நான் நேரில் பார்த்ததில்லை என்பதை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சொன்னவர் அந்தக் கடைக்குள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நின்ற இடத்தை விட்டு நகராதவர். பொய் சொல்லி இனி ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லாதவர். அவரைவிட நல்ல சாட்சி யாருக்கும் வாய்க்காது.

எல்லாம் ஒரு தட்டலில் ஆரம்பித்தது.

போர்டுக்காரர் என்று தெருவே கூப்பிடும் அந்த மனிதர், மழை விட்டும் விடாமலும் பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், யாரோ கொண்டுவந்து போட்டிருந்த மதர்போர்டு ஒன்றை அட்டைப்பெட்டியின் மேல் கிடத்தினார். அதில் ப்ராசசர், ஒரே ஒரு ரேம், கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், இவை மூன்றைத் தவிர மற்றதெல்லாம் கழற்றியாயிற்று. சோதனை செய்யும் முறை அதுதான்: இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, உயிர் நிற்பதற்கு வேண்டியதை மட்டும் விட்டுவைப்பது. ஸ்குரூ டிரைவர் நுனியால் போர்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊசிகளைச் சேர்த்துத் தொட்டார். விசிறி சுற்றியது. அடுத்த மூச்சில் யாரோ அவர் தோளில் ஒரு விரலால் தட்டினார்கள். ஒரே ஒரு தடவை. சின்னதாக.

"சரி" என்றார், திரும்பாமலே. பழக்கம். போர்டை எடுத்து நல்ல போர்டுகள் அடுக்கில் வைத்தார். அடுத்ததை எடுக்கப் போன கை பாதி வழியில் நின்றது.

தட்டுவதற்குக் கடையில் ஆளில்லை. தட்ட வேண்டியவள் போன மழைக்காலத்திலேயே போய்விட்டாள்.

இது விளங்க வேண்டுமென்றால் போர்டுக்காரரின் காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாலிப வயதில் அவருக்கு நூற்பாலையில் வேலை. நூல் சுற்றும் ஆயிரம் கதிர்கள் ஒன்றாகக் கூவும் இடம். அங்கிருந்து வெளியே வந்தபோது அவருடைய காதில் பாதிதான் அவரோடு வந்தது. இடி கேட்கும். லாரி கேட்கும். கடை வாடகை கேட்டால் நன்றாகவே கேட்கும். கீச்சென்ற சத்தம் மட்டும் எதுவும் கேட்காது. சில்வண்டு அவருக்குக் கிடையாது, கடிகார அலாரம் கிடையாது. குருவி என்பது வெறுமனே வாயைத் திறந்து மூடும் பிராணி.

இப்படிப்பட்டவர் பிழைப்புக்குப் பிடித்த தொழில் மதர்போர்டு பார்ப்பது. திரையில் ஒன்றுமே வராத கம்ப்யூட்டருக்குத் தன் நோயைச் சொல்ல ஒரே ஒரு வாய்தான் உண்டு: நகத்தளவு பஸ்ஸர். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சின்ன பீப். ரேம் சரியாக உட்காரவில்லையென்றால் நீளநீளமாக. கரண்ட் ஒழுங்காக வரவில்லையென்றால் குட்டை குட்டையாக, மூச்சுவிடாமல், நிறுத்தாமல். கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பாஷை கொஞ்சம் மாறும். சம்பந்தி வீட்டார் மாதிரி, குறை ஒன்றுதான், முனகும் விதம் வேறு. சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் போர்டு போய்விட்டது என்று அர்த்தம். இந்த உலகத்தில் போர்டுக்காரருக்குக் கேட்கவே கேட்காத சத்தங்களில் தலையாயது அந்த பீப்.

அதற்குத்தான் மனைவி. மேசைக்கு இடது பக்கம், ஜன்னலோரம் நிற்பாள். ஸ்டூல் போட்டிருந்தும் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் தோள் எட்டாது. அவர் ஊசியைத் தொடுவார். அவள் கேட்பாள். கேட்டதை அப்படியே அவருடைய இடது தோளில் விரலால் தட்டுவாள். குட்டைக்குக் குட்டை, நீளத்துக்கு விரலைச் சற்று அழுத்தி வைத்து எடுப்பாள். வாயால் சொல்லலாம்தான். ஆனால் தூசி ஊதும் ப்ளோயர் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் அவள் குரல் அவருக்கு எட்டாது. தோளுக்கு எந்த இரைச்சலும் கிடையாது. வாடிக்கைக்காரர்கள் அவளுக்குக் காதம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்ன காதம்மா, என் போர்டு என்ன சொல்லுது?" என்று அச்சகக்காரர் வம்புக்கு இழுப்பார்.

"இந்தாளுகிட்டத் திருப்பி அனுப்பாதீங்கன்னு அழுவுது" என்பாள் அவள்.

அவள் விரல் நுனியில் எப்போதும் சாம்பல் நிறப் பசை இருக்கும். ப்ராசசரின் சூட்டை மேலே உட்காரும் விசிறிக்குக் கடத்துவதற்காகத் தடவும் பேஸ்ட். தடவுவது அவள் வேலை. அது துணியில் பட்டால் ஏழு தண்ணீரில் அலசினாலும் போகாது. அவருடைய சட்டைகள் அத்தனையிலும் இடது தோளில் பொட்டுப் பொட்டாகச் சாம்பல் கறை. நல்லது கெட்டதுக்குப் போட்டுப் போகும் சட்டையில் கூட. "எம் முத்திரை இல்லாத சட்டையில உங்கள வெளிய விட மாட்டேன்" என்பாள்.

மேசைக்கு வலது பக்கம் சுவர். கடை அவ்வளவு குறுகல். நாற்காலி சுவரோடு ஒட்டித்தான் நிற்கும். வருஷக்கணக்காக அவருடைய வலது தோள் உரசி உரசி, அந்த இடத்தில் வெள்ளை போய், உள்ளேயிருந்த சிமெண்ட் வழவழவென்று ஒரு திட்டாகத் தெரியும். அவருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாளைச் செருக இடமில்லை.

அன்று காலை தட்டல் விழுந்தது வலது தோளில்.

அவர் அதைக் கவனித்தார். கவனித்ததைத் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மழையில் தசை துடிக்கும், வயதானால் நரம்பு இழுக்கும் என்று நினைத்தபடி அடுத்த போர்டைக் கிடத்தி, ஊசியைத் தொட்டார். ஒரே ஒரு தட்டல். சின்னது. விரலின் மென்மை சட்டையைத் தாண்டித் தோலுக்குத் தெரிந்தது. அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சத்தமில்லாமல் அழுதார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சுவர் இருக்கும். சுவர் மட்டும்தான் இருக்கும்.

திரும்புவது என்பது அவருக்குச் சாதாரண விஷயமில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இதே மேசையில், அச்சகக்காரரின் போர்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியைத் தொட்டார். இடது தோளில் தட்டல் தொடங்கியது. குட்டை குட்டையாக. மூச்சுவிடாமல்.

"கரண்ட் கோளாறா?" என்றார்.

தட்டல் நிற்கவில்லை. நான்கைந்து தட்டல், ஒரு தடுமாற்றம், மறுபடி.

"இரு, இரு. மாத்திடறேன்."

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினார். அதன் அகலமான பிளக் சுலபத்தில் பிடுங்க வராது. பொறுமையாக அசைத்து அசைத்து எடுத்தார். தட்டல் தொடர்ந்தது. கரண்டே இல்லாத போர்டு எப்படிக் கத்தும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வேறு எஸ்எம்பிஎஸ்ஸைத் தேடி எடுத்தார். பிளக்கில் ஒட்டியிருந்த தூசியைக் கூட ஊதிவிட்டார். மாட்டினார். அழுத்தினார். ஊசியைத் தொட்டார். தட்டல் நின்றுவிட்டது.

"பாத்தியா, சரியாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார்.

அவள் தரையில் கிடந்தாள். ஒரு கை நெஞ்சில். இன்னொரு கை, அவர் தோள் இருந்த பக்கமாக நீண்டபடி. வாய் திறந்திருந்தது. கூப்பிட்டிருப்பாள். கடைசி வரை கூப்பிட்டிருப்பாள்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை போர்டுக்காரர் தினமும் தானே சொல்லி முடித்துக்கொள்கிறார்.

அதன் பிறகு யார் தோளைத் தொட்டாலும் திரும்பிவிடுவார். பஸ்ஸில் யாராவது இடித்தால் கூட முழு உடம்போடு திரும்பி, "என்னங்க, என்ன வேணும், சொல்லுங்க" என்பார். கிறுக்கு என்று சிலர் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு மேசையில், இந்த ஒரு தட்டலுக்கு மட்டும், அவர் திரும்பவில்லை. திரும்பினால் அது போய்விடும் என்று பயந்தார். ஒருவர் தவிச்ச வாய்க்குத் தண்ணீர் கொடுக்கும்போது, எந்தக் கிணறு என்று கேட்பவன் உண்டா?

நாட்கள் நன்றாகவே போயின. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே தோள் காத்திருக்கும். போர்டைக் கிடத்துவார், தொடுவார், ஒரு தட்டல் விழும். "நல்ல போர்டு" என்று வாடிக்கைக்காரரிடம் சொல்லுவார். ஆளில்லாத நேரத்தில் ஊசியைத் தொட்டுவிட்டுப் பேசவும் ஆரம்பித்தார்.

"வலிச்சுதா?"

ஒரு தட்டல். சின்னது. எல்லாம் சரி.

"எம் மேல கோபமில்லையே?"

ஒரு தட்டல்.

அந்த ஒரு தட்டலைப் போர்வை மாதிரி போர்த்திக்கொண்டு அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார். அவள் போன பிறகு முதல் தூக்கம்.

ஒரு சின்னத் தொந்தரவு மட்டும் இருந்தது. மேசையில் உட்கார்ந்தால் இடது தோள் ஜில்லென்று ஆகிவிடும். ஜன்னல் காற்று என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். குளிர் போகவில்லை. இடுக்கில் காகிதம் திணித்தார். போகவில்லை. கடைசியில் ஒரு துண்டை நாலாக மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

பிறகு போர்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் வந்தவர் அச்சகக்காரர். "அண்ணே, போர்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. நீங்க சொன்னதை நம்பி புது ரேம் வாங்குனேன், புது கரண்ட் சப்ளை வாங்குனேன். ஒண்ணும் வரல. வேற எடத்துல காட்டுனா, இது செத்து ரொம்ப நாளாச்சுங்கறான்."

"இருக்காதே. நானே பாத்தேன்."

"பாத்தீங்களா, கேட்டீங்களா?"

அச்சகக்காரர் ஜன்னலோரத்துக் காலி ஸ்டூலை ஒரு தடவை பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விடுங்கண்ணே. காதம்மா இருந்தா இப்படி நடந்திருக்காது." அவர் போன பிறகும் அந்தச் சொல் கடைக்குள் ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதே வாரத்தில் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோருக்கும் அவர் அதே பதிலைத்தான் சொன்னார்: நல்ல போர்டு.

அவளுடைய தம்பிக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. வாரம் தவறாமல் மாமாவை வந்து பார்த்துவிட்டுப் போவான். ஒரு தடவை வரும்போது கையில் ஒரு புதுச் சட்டையும், பொட்டலத்தில் ஒரு குட்டி பல்பும் கொண்டுவந்தான். மிளகளவு பல்பு, இரண்டு ஒயர்.

"பஸ்ஸர் இருக்கற எடத்துல இதைச் சொருகிடுங்க, மாமா. பீப் வர்ற நேரத்துல மினுக்கும். கண்ணால பாத்துக்கலாம்."

"இது இவ்வளவு சுலபமா?"

"சுலபம்தான்."

"அப்ப இத்தனை வருஷம் இதை ஏன்டா செஞ்சு தரல?"

அவன் சட்டையின் அட்டையைக் கிழித்துக்கொண்டே சொன்னான். "அப்பவே செஞ்சேன். அக்காதான் விடல. 'அப்புறம் நான் எதுக்குடா அங்க?'ன்னுட்டா."

பல்பு மேசை டிராயருக்குள் போயிற்று. சட்டையை மட்டும் மறுநாள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கறையில்லாத, வெளிர்நீலச் சட்டை. அன்று பேஸ்ட் டப்பாவை அவர் திறக்கவே இல்லை. வீட்டுக்குப் போய் அதைக் கழற்றியபோது வலது தோளில் சாம்பல் பொட்டுகள்.

முதலில் வந்தது சந்தோஷம். சட்டையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். "முத்திரை வச்சுட்டியா" என்றார். ஆனால் சட்டையில் அவள் வாசனை இல்லை, பேஸ்ட் வாசனையும் இல்லை. ஈரச் சிமெண்டின் வாசனை. புதிதாகப் பூசிய குழிக்குள் தலையை விட்டால் வருமே, அது. விளக்கடிக்கு எடுத்துப் போனார். அவள் விரல் ஒல்லி. அவளுடைய பொட்டு ஒரு பயறளவுதான் இருக்கும். இந்தப் பொட்டின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

கட்டைவிரலுக்கு வெளியேயும் கறை தெரிந்தது.

மச்சான் அடுத்த தடவை வந்தபோது ஷட்டருக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்று கேட்டிருக்கிறான். பிறகு உள்ளே வந்து, அக்காவின் ஸ்டூலில் உட்காராமல், அதன் பக்கத்தில் நின்றான்.

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க, மாமா?"

"போர்டுகிட்ட."

"பதில் சொல்லுதா?"

மறைத்து மறைத்து அவருக்கே அலுத்துப்போயிருந்தது. "ஒங்கக்கா தட்டுறாடா" என்றார்.

அவன் கேலி செய்யவில்லை. அவன் கண் கலங்கியது. மெதுவாக, "எந்தத் தோள்ல?" என்றான்.

"தோள்லதான்."

"மாமா."

"வலது."

வெளியே ஒரு லாரி போயிற்று. போர்டுக்காரருக்கு அது கேட்டது.

"அங்க சுவர்தானே இருக்கு" என்றான் அவன்.

"செத்தவங்களுக்குச் சுவர் ஒரு தடையா?"

"தடையில்ல, மாமா. ஆனா அக்காவுக்கு அந்தப் பக்கம் நிக்கவே தெரியாதே. கல்யாண போட்டோவுல கூட உங்களுக்கு இடது பக்கம்தான். செத்த பெறகு எதுக்குப் பக்கம் மாறப் போறா?"

"நீ ஒங்கக்காவோட தம்பி. நான் அவ புருஷன். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் திரும்பிப் பாக்க மாட்டேங்கறீங்க." அவன் குரல் உடைந்தது. "நீங்கதானே சொல்லுவீங்க, மொதல்ல மீட்டரைச் சோதி, அப்புறம் போர்டைச் சோதின்னு. எல்லாத்துக்கும் நல்லதுன்னே காட்டுற மீட்டரை நீங்க வச்சுப்பீங்களா?"

அவன் போன பிறகு மழை வலுத்தது. பிற்பகல்தான், ஆனால் மேகம் இறங்கி, தெருவும் கடையும் பழைய பாத்திரத்தின் அடி மாதிரி கறுத்துவிட்டன. ஷட்டரின் மேல் மழை கொட்டுவது அவருக்கு ஒரு கனத்த முணுமுணுப்பாகக் கேட்டது. சாலிடர் புகையின் காந்தல், ஈரக்குடை, தூசி, இவற்றுக்கு அடியில், வலது பக்கத்திலிருந்து, அந்தச் சிமெண்ட் வாசனை. போர்டுக்காரர் டிராயரைத் திறந்து பல்பை எடுத்தார். பஸ்ஸர் இருந்த இடத்தில் அதன் ஒயரைச் சொருகினார். இது ஒன்றும் பெரிய சோதனையில்லை, தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது. ஒவ்வொன்றாகக் கழற்று, கழற்றக் கழற்ற என்ன மாறுகிறது பார்.

சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு நல்ல போர்டைக் கிடத்தி ஊசியைத் தொட்டார். பல்பு ஒரு தடவை மினுக்கியது. தோளில் ஒரு தட்டல். சரி. இரண்டும் பொருந்துகிறது. அவருக்குச் சிரிப்பு கூட வந்தது. மச்சானிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

கரண்டை நிறுத்திவிட்டு ரேமை எடுத்தார். மறுபடி கொடுத்தார். தொட்டார். பல்பு நீளமாக எரிந்தது. அணைந்தது. நீளமாக எரிந்தது. போர்டு, எனக்கு ரேம் இல்லை, ரேம் இல்லை என்று கதறிக்கொண்டிருந்தது.

தோளில் ஒரு தட்டல். சின்னது.

இடது தோள் குளிரில் வலிக்க ஆரம்பித்தது. துண்டை இழுத்து இன்னும் இறுக்கிக்கொண்டார். ப்ராசசரை எடுத்தார். தொட்டார். பல்பு எரியவே இல்லை. மூளையை எடுத்த தலை.

ஒரு தட்டல்.

எஸ்எம்பிஎஸ் ஒயரைப் பிடுங்கினார். இப்போது மேசையில் இருப்பது வெறும் பச்சைத் தகடு. தொட்டார்.

ஒரு தட்டல்.

தகட்டையும் எடுத்துத் தரையில் வைத்தார். காலி அட்டைப்பெட்டியை ஸ்குரூ டிரைவரால் தொட்டார்.

ஒரு தட்டல்.

ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டார்.

ஒரு தட்டல். சின்னது. எல்லாம் சரி.

கழற்றுவதற்கு இனி எதுவும் இல்லை. மேசையில் அவர் மட்டும்தான் மிச்சம்.

"நீ அவ இல்லதானே?" என்றார்.

ஒரு தட்டல்.

போர்டுக்காரர் அழுதார். பயத்தால் இல்லை, பயம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. வலிக்கவில்லை என்று சொன்னது இதுதான். கோபமில்லை என்று சொன்னதும் இதுதான். அவர் கட்டிப்பிடித்துத் தூங்கிய மன்னிப்பு, செத்த போர்டையும் காலி அட்டையையும் நல்லது என்று சொன்ன அதே விரலிலிருந்து வந்தது. அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அவளை இப்போதுதான் இழந்தது போல இருந்தது. இரண்டாவது தடவை.

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். ஷட்டர் பாதிதான் இறங்கியிருந்தது. குனிந்தால் தெரு. தெருவில் மனிதர்கள். மேசையை உந்தினார். நாற்காலி அரை அடி நகர்ந்தது. சுவருக்கும் தோளுக்கும் நடுவே முதல் முறையாக இடம்.

அப்போது தட்டல் மாறியது.

குட்டை குட்டையாக. மூச்சுவிடாமல். நான்கைந்து தட்டல். ஒரு தடுமாற்றம். மறுபடி.

அந்தத் தடுமாற்றத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மச்சானிடம் இல்லை. டாக்டரிடம் இல்லை. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செத்துவிட்டாள்.

ஆக, அன்றைக்கும் இது இங்கேதான் இருந்திருக்கிறது. சுவருக்குள். கேட்டுக்கொண்டு. கற்றுக்கொண்டு.

இது அவள் இல்லை. தெரியும். நன்றாகத் தெரியும். எழுந்து போய்விடலாம். ஆனால் தோளில் ஒரு விரல் பதறிப் பதறித் தட்டுகிறது. மூச்சுக்குத் தவித்துத் தட்டுகிறது. அன்று பிளக்கை அசைத்து அசைத்து எடுத்தார். தூசி ஊதினார். அந்த நேரமெல்லாம் இதே தட்டல்தான். அவள் தட்டினாள். அவர் திரும்பவில்லை.

இடது தோளில் குளிர் இப்போது குளிராக இல்லை. பிடியாக இருந்தது. துண்டு நழுவி விழுந்தது. யாரோ அவரை ஜன்னல் பக்கமாக, ஷட்டர் பக்கமாக இழுப்பது போல. காற்றுக்கு இவ்வளவு பலமா என்று ஒரு நொடி நினைத்தார்.

வலது தோளில் தட்டல் தடுமாறியது. தளர்ந்தது. அவளுடையது போலவே. நின்றுவிடப் போகிறது.

"இரு" என்றார். "இரு. திரும்பிட்டேன்."

திரும்பினார்.

அவர் தோள் இத்தனை வருஷம் மறைத்திருந்த திட்டு. அதன் மேல் சாம்பல் பொட்டுகள். நூற்றுக்கணக்கில். ஒரு குட்டை, ஒரு குட்டை, ஒரு குட்டை. எழுதிப் பழகும் குழந்தை போல, வரிசை வரிசையாக. நடுவில், சிமெண்டிலிருந்து, இரண்டாம் கணு வரை வெளியே வந்த ஒரு விரல். தடிமனானது. நகமில்லாதது. நுனியில் பேஸ்ட் இன்னும் ஈரம். அடுத்த தட்டலுக்காகத் தூக்கிய நிலையில்.

அவர் முகத்தைக் கண்டதும் அது நின்றது.

பிறகு, அவசரமில்லாமல், மூன்றாம் கணு வெளியே வந்தது. அதற்குப் பிறகு விரலில் இருக்கக்கூடாத நான்காம் கணு. அது நீண்டு வந்து அவருடைய நெற்றியில் தட்டியது. ஒரே ஒரு தடவை. சின்னதாக.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது காதம்மா. கடைசி வரை அவள் அவருக்கு இடது பக்கம்தான் நின்றிருந்தாளாம்.